கடன் கொடுத்தவர்களில் ஒருத்தி

ஸ்காபரோ,
09.03.2024

அன்புள்ள அக்கா,

இந்தக் காலத்தில் கடிதமா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் உங்கள் வீட்டில் போன் எப்போதும் லவுட்ஸ்பீக்கரிலேயே கிடக்கும். அத்தான் கேட்பார், பக்கத்து வீடு கேட்கும், பிறகு குருநகர் முழுக்கக் கேட்கும். அதோடு நீங்கள் அழத் தொடங்கினால் நான் வைத்துவிடுவேன். கடிதம் என்றால் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடிக்கலாம். இங்கே எல்லாரும் சுகம். ஷெரோன் வேலைக்குப் போகிறாள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். சுகமில்லாதவன் நான் ஒருவன்தான், அதுவும் உடம்பில் இல்லை.

அக்கா, கடன் கட்ட வழியில்லாமல் நான் வங்குரோத்து ஆகிவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முதல் நாட்டுக்கு வந்தது இப்போது எனக்கு வந்திருக்கிறது. இரண்டு லொறிகளையும் கடன் கொடுத்த கம்பனி எடுத்துக்கொண்டு போய்விட்டது. வட்டி ஏறியதும் ஓட்டம் குறைந்ததும் உங்களுக்குத் தெரியும். ஒரு கிரெடிட் கார்ட்டைக் கட்ட இன்னொரு கார்ட் என்று ஒரு வருடம் சமாளித்தேன். பிறகு ஏலவில்லை. இங்கே இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. அதற்குரிய அதிகாரியிடம் போய் உள்ளது இல்லாதது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வைக்க வேண்டும். தை மாத நடுப்பகுதியில் வைத்தேன். ஒன்பது மாதம் ஒழுங்காக நடந்தால் கடன்களிலிருந்து விடுதலை தருவார்கள்.

ஆனால் சும்மா தர மாட்டார்கள். கடன் ஆலோசனைக்கு இரண்டு தரம் போக வேண்டும். ஏன் இப்படி வந்தது, இனி எப்படிச் சீவிப்பாய் என்று ஒருவர் முன்னால் இருந்து கதைக்க வேண்டும். போகாவிட்டால் விடுதலை இல்லை. முதலாவது ஆலோசனைக்குப் போன கிழமை போனேன். ஆலோசகர் ஜமேக்காவில் பிறந்த ஒரு அம்மா, உங்கள் வயது இருக்கும். எவ்வளவு கடன் என்று அவர் கேட்கவில்லை. "கடைசியாக யாருக்குக் காசு கொடுத்தாய்?" என்றுதான் கேட்டார்.

"அக்காவுக்கு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். போன வருடம் லொறியின் எஞ்சின் போனபோது, பிள்ளை றொசாந்தியின் கலியாணத்துக்கு வைத்திருந்த முப்பது இலட்சத்தை ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பினீர்கள். கனடாவிலிருந்து ஊருக்குக் காசு போவது வழமை. ஊரிலிருந்து கனடாவுக்கு வரவழைத்தவன் நான். வங்குரோத்துக்குப் போவதென்று முடிவெடுத்தபோது எனக்கு ஒரே நினைப்புத்தான் இருந்தது. வங்கிக்காரன் நட்டக்கணக்கில் எழுதிவிட்டுப் போய்விடுவான், அக்காவின் காசு அந்தக் கணக்குக்குள் விழக் கூடாது. அதனால் மார்கழியில், கார்ட்டில் எடுக்கக்கூடிய கடைசிக் காசையும் வழித்தெடுத்து அந்த முப்பது இலட்சத்தையும் உங்களுக்கு அனுப்பினேன். அன்றைக்கு நன்றாக நித்திரை கொண்டேன்.

அதுதான் பிழையாம். வங்குரோத்து ஆகப் போகிறவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறவர்களாம். வங்கியும் ஒன்று, அக்காவும் ஒன்று. இருக்கிறதை எல்லாருக்கும் பங்கு போட வேண்டும். நான் வரிசையிலிருந்து உங்களைக் கையில் பிடித்து முன்னுக்கு இழுத்து விட்டேனாம். அந்தக் காசு திரும்பி வராவிட்டால் என் விடுதலையை அந்த அதிகாரியே எதிர்ப்பார் என்று ஆலோசகர் சொன்னார். ஏசவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

அக்கா, அந்தக் காசை நீங்கள் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உங்கள் தம்பி,
சுபாஸ்

*

குருநகர்,
02.04.2024

சுபாஸுக்கு,

உன் கடிதம் பெரிய வியாழன் அன்று வந்தது. பெரிய வெள்ளி சிலுவைப்பாதை முழுக்க அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் நடந்தேன். உயிர்த்த ஞாயிறு முடியட்டும் என்று பொறுத்தேன். நல்ல நாளில் ஏசி எழுதக் கூடாது.

உனக்கு வந்ததைக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது, அது வேறு. நீ என் கூடப்பிறந்தவன். லொறி போனால் போகட்டும், நீ உயிரோடு இருக்கிறாய், பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். அதற்கு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். ஆனால் கடைசியில் எழுதிய அந்த ஒரு வரியை நீ எழுதாமல் விட்டிருக்கலாம்.

வரிசை என்றால் என்ன என்று எனக்குப் படிப்பிக்காதே. உன் அத்தான் மண்ணெண்ணெய்க்குக் கானும் கையுமாக எத்தனை இரவு றோட்டில் படுத்துக் கிடந்தவர் என்று உனக்குத் தெரியாது. அப்போது நாடே வங்குரோத்து. அந்த வரிசையில் பின்னுக்கு நின்றவர்கள் யாரென்றும் முன்னுக்குப் போனவர்கள் யாரென்றும் எங்களுக்குத் தெரியும். உன்னுடைய வங்கியை என் பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு இரண்டும் ஒன்று என்று சொல்ல அந்த அம்மாவுக்கு எப்படி மனம் வந்தது? வங்கிக்குக் கலியாண வயதில் மகள் இருக்கிறாளா?

இப்போது இதைக் கேள். நீ காசு அனுப்பிய கையோடு பாசையூர் யாகப்பு வீட்டார் வந்து சம்பந்தம் பேசி முடித்தார்கள். தை மாதம் நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை யாகப்புவின் மூத்த மகன் றஞ்சித், கடற்றொழிலாளர் சங்கத்தில் கணக்கெழுதுகிற பெடியன். டொனேசன் காசு முப்பது இலட்சத்தையும் அன்றைக்கே தட்டில் வைத்துக் கொடுத்தோம். அது இப்போது என்னிடமும் இல்லை, றொசாந்தியிடமும் இல்லை. யாகப்பு அதைத் தன் இளைய மகளுக்கென்று வங்கியில் போட்டுவிட்டார். எங்கள் ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. பெண் வீட்டார் கொடுக்கிற காசு மாப்பிள்ளையின் தங்கச்சிக்குப் போகும், அவளோடு இன்னொரு வீட்டுக்குப் போகும், அங்கேயும் ஒரு தங்கச்சி இருப்பாள். இடையில் கையை நீட்டித் திருப்பித் தாருங்கள் என்று கேட்டால், சம்பந்தம் வேண்டாம் என்று சொல்வதுதான்.

றொசாந்திக்கு இருபத்தொன்பது வயது. முதல் வந்த இரண்டு சம்பந்தமும் குழம்பியபோது அவள் அழவில்லை, ஆனால் முகத்தில் ஒரு கறுப்பு விழுந்து கிடந்தது. இந்தப் பெடியனோடு கதைக்கத் தொடங்கியபிறகு பார்மசி வேலையால் வரும்போதே சிரித்துக்கொண்டு வருகிறாள். ஆவணியில் கலியாணம். அதைக் கொண்டுபோய் உன் அதிகாரியின் கந்தோர் மேசையில் வைக்கச் சொல்கிறாய்.

நான் உனக்குக் காசு தந்தபோது தாள் எழுதவில்லை. நீ திருப்பித் தந்தபோதும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. நீயாகத்தான் தந்தாய். கேட்டு வாங்கவில்லை. அதனால் திருப்பித் தர மாட்டேன்.

உன் கடிதத்தை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கிழிந்த வலையைப் பொத்தப் போய்விட்டார். றொசாந்திக்குக் காட்டவில்லை.

அக்கா

*

ஸ்காபரோ,
27.04.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசித் தரிப்பு வரைக்கும் போய்விட்டேன். நீங்கள் ஏசியது முழுக்கச் சரி. இன்னும் கொஞ்சம் ஏசியிருக்கலாம்.

நிச்சயம் நடந்தது எனக்குத் தெரியும், நீங்கள் படம் அனுப்பினீர்கள். தட்டில் இருந்த காசு அந்தக் காசுதான் என்று எனக்கு அப்போது ஓடவில்லை. படத்தில் றொசாந்தியின் முகத்தைத்தான் பார்த்தேன்.

திரும்பவும் அந்த ஆலோசகர் அம்மாவிடம் போனேன். கட்டாயமாகப் போக வேண்டிய நாளில்லை, நானாகத்தான் போனேன். டொனேசன் என்றால் என்ன என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் எடுத்தது. "அப்படியென்றால் அந்தக் காசு இப்போது யாருடையது?" என்று கேட்டார். "ஒருவருடையதும் இல்லை" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பிறகு முகத்தை மாற்றிக்கொண்டார். உங்கள் வீட்டுக்கு யாரும் வந்து ஒன்றும் செய்ய மாட்டார்களாம். கனடாக் கோட்டின் தீர்ப்பு குருநகரில் செல்லாது. மாட்டுப்படப் போவது நான்தான். ஆனால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அந்தத் தொகையை நானே மாதம் மாதம் கட்டி முடித்தால், முடிகிற அன்றைக்கு விடுதலை தருவார்கள். மூன்று வருடம் எடுக்கும்.

அதனால் காசு கொடுத்த இடத்திலேயே இருக்கட்டும். திருப்பிக் கேட்டதை மறந்துவிடுங்கள். சனி ஞாயிறில் இறைச்சி பொதி செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை எடுத்திருக்கிறேன். குளிர் அறைக்குள் நிற்க வேண்டும், கையுறைக்கு மேல் கையுறை. கிழமை நாளில் வேறு வேலை. ஷெரோனுக்கு விருப்பமில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை போய்விடும் என்று அதற்குத்தான் அதிகம் கவலைப்படுகிறாள்.

உங்களுக்குச் சிரிப்பு வர ஒன்று சொல்கிறேன். ஆலோசனையில் மாதச் செலவை வரி வரியாக எழுதச் சொல்லி ஒரு தாள் தந்தார்கள். வாடகை, சாப்பாடு, பஸ். கீழே 'குடும்பத்துக்கு உதவி' என்று ஒரு சின்னக் கட்டம். நான் எழுதத் தொடங்கினேன். கோவில் பெருநாள் காசு, அம்மாவின் ஆத்துமப் பூசை, அத்தானின் வலை, சித்தியின் மருந்து, விளையாட்டுக் கழகத்துக்குச் சட்டை. கட்டத்தில் இடம் காணாமல் தாளின் பின்பக்கத்துக்குப் போய்விட்டேன். "இதில் யார் உன் குடும்பம்?" என்று கேட்டார். "எல்லாரும்" என்றேன். "இவர்களில் யாருக்காவது நீ இல்லை என்று சொன்னது உண்டா?" என்று கேட்டார். கன நேரம் யோசித்தேன் அக்கா. ஒரு ஆள்கூட நினைவில் வரவில்லை. உங்களுக்குச் சிரிப்பு வந்ததோ தெரியாது, எழுதும்போது எனக்கு வரவில்லை.

றொசாந்திக்கு இது ஒன்றும் தெரிய வேண்டாம். மாமா வேலைப்பளுவில் கலியாணத்துக்கு வர முடியவில்லை என்று சொல்லுங்கள். விடுதலை கிடைக்கும்வரை ஊருக்கு வந்து போகக் கையில் காசும் இல்லை. அவள் சந்தோசமாகக் கலியாணம் கட்டட்டும். இந்தக் காசுக்காக மாமா எங்கே நிற்கிறார் என்று அவள் ஒரு நாளும் அறியக் கூடாது.

தம்பி,
சுபாஸ்

*

குருநகர்,
12.06.2024

சுபாஸ்,

உன் காசு வருகிறது. இங்கே ரூபாவாகக் கொடுத்தால் அங்கே டொலராகக் கொடுக்கிற ஆளிடம் உன் அத்தான் நேற்றுக் கொடுத்துவிட்டார். முப்பது இலட்சம், ஒரு சதம் குறையவில்லை. கொண்டுபோய் உன் வரிசையில் வை.

எப்படி வந்தது என்று நீ அறிய வேண்டும். நான் மட்டும் அறிந்துகொண்டு இருக்க மாட்டேன்.

வைகாசி நடுவில் எனக்குப் பெரியாஸ்பத்திரியில் கண் ஒப்பரேசன். கறுப்புக் கண்ணாடி தந்து, கொஞ்சக் காலத்துக்கு வாசிக்க வேண்டாம், தலையைக் குனிய வேண்டாம் என்று விட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் உன் கடிதம் வந்தது. உன் அத்தான் கடலில். எனக்குப் பொறுக்கவில்லை. நீ என்ன எழுதியிருக்கிறாயோ, ஏசியிருக்கிறாயோ, என்னோடு கதைக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாயோ என்று இரண்டு நாளாக உறையைத் தடவிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் றொசாந்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். நான் செய்த மோட்டு வேலை அது. முதல் கடிதத்தை மறைத்தவள் இரண்டாவதை அவள் கையிலேயே கொடுத்தேன்.

அவள் ஒரு சொல்லும் விடாமல் வாசித்தாள். பஸ்ஸில் கடைசித் தரிப்புக்குப் போனது, டொனேசன், மூன்று வருடம், குளிர் அறை. 'றொசாந்திக்கு இது ஒன்றும் தெரிய வேண்டாம்' என்ற வரியையும் அதே குரலில்தான் வாசித்தாள். நான் நிறுத்து பிள்ளை என்றேன். நிறுத்தவில்லை. உன் கையெழுத்து வரைக்கும் வாசித்து, மடித்து, உறைக்குள் வைத்து என் மடியில் வைத்தாள்.

"அப்ப என்ரை கலியாணத்துக்கு மாமா மூண்டு வருசம் ஐசுக்குள்ளை நிக்கவேணும்" என்றாள்.

"அது அவன்ரை கடன் பிள்ளை. நாங்கள் கேக்கேல்லை" என்றேன்.

"நாங்கள் கேக்கேல்லை. உண்மைதான். தெரிஞ்ச பிறகும் பேசாமல் இருந்தனாங்கள் அம்மா" என்றாள்.

தகப்பன் கரைக்கு வந்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு பாசையூருக்குப் போய்விட்டாள். கண் ஒப்பரேசன் செய்திருந்ததால் என்னை வர விடவில்லை. அங்கே நடந்ததை உன் அத்தான்தான் சொன்னார். அவர் வாயிலிருந்து கதை பிடுங்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உனக்குத் தெரியும்.

அவள் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கலியாணத்தை ஒரு வருடம் தள்ளி வைப்போம், இப்போது அந்தக் காசைத் தாருங்கள், நானும் அப்பாவும் உழைத்து அதற்குள் திருப்பித் தந்துவிடுகிறோம் என்றுதான் கேட்டாள். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். உன்னைப் போலத்தான் அவளும், கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். யாகப்பு கதிரையை விட்டு எழும்பினாராம். "கோட்டிலை கிடக்கிற காசை என்ரை பிள்ளைக்குக் குடுக்க ஏலாது. வங்குரோத்துக் குடும்பத்துக்கை என்ரை மகனைக் குடுக்கவும் ஏலாது. காசை நான் கொண்டந்து தாறன், நீங்கள் போங்கோ" என்றாராம். கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னபடி அடுத்த கிழமையே இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்து எண்ணித் தந்தார். நிச்சயத்துக்கு நாங்கள் போட்ட மோதிரத்தையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

றஞ்சித் அன்றைக்கு வாசலில்தான் நின்றவனாம். தகப்பன் கதைத்து முடியும் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். இவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அவன் வாய் திறக்கவில்லை. பிறகும் ஒரு போன்கூட எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றிவிட்டு எனக்குக் கண்ணுக்கு மருந்து விட்டாள். முதல் துளி கன்னத்தில் வழிந்தது, துடைத்துவிட்டுத் திரும்ப விட்டாள். அடுத்த நாள் வேலைக்குப் போனாள். இப்போதும் போகிறாள். சிரித்துக்கொண்டு வருவதில்லை.

எனக்கு எழுதாதே. கொஞ்சக் காலத்துக்கு உன் எழுத்தைப் பார்க்க எனக்கு ஏலாது.

பெர்னடெட்

*

ஸ்காபரோ,
18.08.2024

அன்புள்ள அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இரண்டு மாதம் எழுதவில்லை. இது சட்டப்படி அறிவிக்க வேண்டிய விசயம், அதனால் எழுதுகிறேன்.

காசு வந்து சேர்ந்தது. அன்றைக்கே அதிகாரியின் கணக்கில் கட்டினேன். சனி ஞாயிறு வேலையை விடலாம் என்று ஆலோசகர் சொன்னார், விடவில்லை. வீட்டில் இருந்தால் யோசனை கூடிப்போகும்.

காசு திரும்பி வந்ததால் நீங்கள் இப்போது கடன் கொடுத்தவர்களில் ஒருவர். வங்கிகளோடு உங்கள் பெயரும் இருக்கிறது. அதற்காக அதிகாரி உங்களுக்கு அனுப்பிய தாள், நிரப்பிக் கையெழுத்தோடு திரும்பி வந்ததாம். எனக்குக் காட்டினார்கள். நிரப்பியது றொசாந்தியின் எழுத்து. உறைக்குள் வேறு கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டேன். எல்லாருக்கும் பங்கு போட்டபிறகு உங்களுக்கு வரப்போவது பத்தில் ஒன்றுகூட இருக்காது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் பொய்யான நம்பிக்கை தரக் கூடாது.

இரண்டாவது ஆலோசனையும் முடிந்துவிட்டது. "இதே நிலைமை திரும்ப வந்தால் என்ன செய்வாய்?" என்பதுதான் கடைசிக் கேள்வி. மாசி மாதம் கேட்டிருந்தால், திரும்பவும் அக்காவுக்குத்தான் முதல் கொடுப்பேன் என்று சொல்லியிருப்பேன். இப்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லொறி ஓடாது என்று தெரிந்த அன்றைக்கே உங்களிடம் வாங்காமல் விட்டிருக்க வேண்டும் என்றேன். இல்லை என்று சொல்லப் பழகாதவன், கேட்கக் கூடாது என்றும் பழகவில்லை. அவர் அதை எழுதிக்கொண்டு சான்றிதழில் கையெழுத்து வைத்தார்.

வருகிற மாதம் உங்களுக்கு இங்கிலீசில் ஒரு கடதாசி வரும். பயப்பட வேண்டாம். ஐப்பசியில் இன்ன திகதியில் சுபாஸ் கடனிலிருந்து விடுவிக்கப்படுவான், அதற்கு உங்களுக்கு ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்டிருக்கும். கடன் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் போகும். நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. பதில் எழுதாமல் சும்மா இருந்தால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

கலியாணம் இந்த மாதம் நடந்திருக்க வேண்டியது. நாள் எனக்கு மறக்கவில்லை.

சுபாஸ்

*

குருநகர்,
30.09.2024

தம்பி சுபாஸ்,

அந்தக் கடதாசி போன செவ்வாய்க்கிழமை வந்தது. றொசாந்தி மேசையில் வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். உன் பெயர் முழுதாக இருந்தது, அப்பாவின் பெயரும் சேர்த்து. உன் அத்தான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இவன் ஆரையும் வெட்டினவனே, விடுறதுக்கு இவ்வளவு கேள்வி" என்றார். அவள் வாய்க்குள் சிரித்தாள். கன நாளைக்குப் பிறகு.

சும்மா இருந்தால் போதும் என்று நீ எழுதியிருந்தாய். அதை வாசித்துவிட்டுத்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஆனி மாதம் தொடக்கம் நான் சும்மா இருந்தது உன்னை மன்னித்து இல்லை. கோபத்தில் இருந்தேன். வெட்கத்தில் இருந்தேன். யாகப்புவின் மனுசியைச் சந்தையில் கண்டால் மீன் வாங்காமல் திரும்பி வந்தேன். செபமாலை சொல்லும்போது எல்லாருக்கும் பிறகு உனக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்வது என் வழக்கம். சில நாட்களில் உன் பெயர் வரும்போது எழும்பி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அப்படி இருந்த இருப்பை உன் கந்தோர் எடுத்துச் சம்மதம் என்று எழுதிக்கொண்டால் அது பொய். பொய்யில் உனக்கு விடுதலை கிடைக்க நான் விட மாட்டேன்.

அதனால் வாய் திறந்து சொல்கிறேன். எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர்களுக்கும் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன், தேவையில்லை என்றாலும். நீ தர வேண்டிய காசிலிருந்து உன்னை விட்டுவிட்டேன். அவர்கள் அனுப்புகிற பங்கு எவ்வளவு என்றாலும் வரட்டும், அதற்கு மேல் ஒரு சதமும் நீ அனுப்பக் கூடாது. சனி ஞாயிறு வேலையை விடு. பூசைக்குப் போ. ஷெரோன் சொல்வதைக் கேள்.

இந்த மாதம் முழுக்க யோசித்துப் பார்த்தேன். நீ எங்களை எல்லாருக்கும் முதல் ஆளாக நினைத்தாய். எங்களுக்கு வந்த வினை அதுதான். அதற்கு உன்னை ஏசத் தொடங்கினால் நடுவில் எனக்கே அழுகை வந்துவிடுகிறது. அம்மா செத்தபோது நீ சின்னப் பெடியன், சோற்றைப் போட்டால் முதல் கவளத்தை எனக்கு நீட்டுவாய். உன்னை அப்படி வளர்த்தவள் நான்தான். வங்கிக்கு முதல் கொடு என்று உனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

ஆனால் ஒன்று உனக்குத் தெரிய வேண்டும்.

கடதாசியில் என் பெயர்தான் இருக்கிறது. முதல் தரம் காசு என் கணக்கிலிருந்து போனதால் அப்படி. அது என் காசில்லை, அவளுடைய காசு. அதனால் இந்தக் கடிதத்தின் கீழே அவளையும் ஒரு வரி எழுதச் சொன்னேன். 'மாமா, எனக்கும் ஆட்சேபணை இல்லை' என்று எழுதினால் காணும் என்றேன். பேனையை வாங்கினாள். வாங்கி வைத்துக்கொண்டு அந்தக் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனையை மூடி என்னிடமே தந்தாள்.

"என்னாலை ஏலாது அம்மா" என்றாள். "மாமாவிலை எனக்குக் கோவமில்லை. அவருக்குக் காசு குடுக்கச் சொன்னதும் நான்தான், திருப்பி வாங்கப் போனதும் நான்தான். ஆனால் கோவமில்லை எண்டுறதும் மன்னிச்சிட்டன் எண்டுறதும் ஒண்டில்லை. காலமை எழும்பினவுடனை இண்டைக்கும் அந்த வாசல்தான் ஞாபகம் வருது. றஞ்சித் அண்டைக்கு ஒண்டும் சொல்லாமல் நிண்டதை எல்லாரும் சம்மதம் எண்டுதான் எடுத்தவை. நானும் பேசாமல் இருந்தால் மாமாவும் அப்பிடித்தான் எடுப்பார். இப்ப ஏலாது எண்டு எழுதுங்கோ. பொய் எழுதாதேங்கோ."

அவள் சொன்னபடி எழுதிவிட்டேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உனக்கு நோகும் என்று தெரியும். நோகட்டும், நீ அவளுடைய மாமன்.

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க முதலே அவர்கள் உன்னை விட்டிருப்பார்கள். வங்கிகள் விட்டிருக்கும். நானும் விட்டேன். றொசாந்தியின் பெயர் அவர்களுடைய கடதாசியில் இல்லை, அதனால் அவளை யாரும் கேட்கப் போவதில்லை. நீதான் கேட்க வேண்டும். எனக்கு எழுதியது காணும், இனி அவளுக்கு எழுது. அவள் உடனே பதில் போட மாட்டாள், அதைச் சம்மதம் என்றும் எடுக்காதே, கோபம் என்றும் எடுக்காதே. அவள் வாய் திறக்கும் மட்டும் எழுது.

அக்கா,
பெர்னடெட்